ஒரு திறனைச் சில வாரம் நிறுத்திவைக்க எந்த வழி நல்லது? ஷிஃப்ட் போடுபவர்களுக்கான ஒப்பீடு

கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பும் வெல்டரை ஆறு வாரத்துக்கு வெல்டிங் பக்கமே விடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சரக்கு அடுக்கும் ராக்கின் காலில் இடித்துவிட்டார். யாருக்கும் அடியில்லை, ஆனாலும் மறுபயிற்சி முடியும்வரை அவரிடம் வண்டியைக் கொடுக்க முடியாது. பேறுகால விடுப்பு முடிந்து வரும் ஒரு பெண் முன்பு வேலை பார்த்த அசெம்ப்ளி நிலையத்தில் இப்போது வேறு மாடல் ஓடுகிறது. மூவரும் வேலையில்தான் இருக்கிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள், கற்றதை மறந்துவிடவும் இல்லை. அந்த ஒரு வேலைக்கு மட்டும் இப்போதைக்கு அவர்களைப் போடக்கூடாது.

இதை ஸ்கில் மேட்ரிக்ஸிலும் (யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று காட்டும் அட்டவணை) ஷிஃப்ட் சாஃப்ட்வேரிலும் எப்படிப் பதிவது என்பதில் ஆலைக்கு ஆலை வழக்கம் மாறுகிறது. ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் வாகன உதிரிபாக ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. சிலர் அந்தத் திறனுக்கான பதிவு வரியையே அழித்துவிடுகிறார்கள். சிலர் முடிவுத் தேதி போடுகிறார்கள். சிலர் திறன் நிலையை ஒரு படி குறைக்கிறார்கள். சிலர் பதிவைத் தொடாமல் ரோஸ்டரில், அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியலில் மட்டும் பெயரை எடுத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் ‘நிறுத்திவைப்பு’ என்று தனி ஸ்டேட்டஸ் கொடுக்கிறார்கள். என் தேர்வு கடைசி வழி. ஏன் என்பதையும், அந்த வசதி இல்லாத இடத்தில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் ஒரு வேலையைக் கற்றுத் தேறினார் என்பது நடந்து முடிந்த விஷயம். இன்றைக்கு அவரை அந்த வேலைக்குப் போடலாமா என்பது நாளுக்கு நாள் மாறக்கூடியது. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதி வைப்பதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. விமானத் துறை இவற்றை வெகுகாலமாகவே தனித்தனியாக வைத்திருக்கிறது. விமானியின் உரிமம் ஒரு பதிவு, மருத்துவத் தகுதி இன்னொரு பதிவு, கடந்த 90 நாளில் குறைந்தது 3 முறை விமானத்தை மேலே கிளப்பித் தரையிறக்கியிருக்க வேண்டும் என்ற விதி மூன்றாவது. மூன்றாவதில் தவறினால் பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது, அவ்வளவுதான். உரிமம் அப்படியே இருக்கும். விட்டுப்போனதைச் செய்து முடித்ததும் அவர் திரும்பிவிடலாம்.

வெல்டிங் தரநிலைகளும் இதே போக்கில்தான் இருக்கின்றன. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் விதித்தொகுப்பின் 9-ம் பிரிவுப்படி, ஒரு வெல்டர் ஒரு வெல்டிங் முறையை 6 மாதத்துக்கு மேல் தொடாமல் இருந்தால் அந்த முறைக்கான தகுதி காலாவதியாகும். அவருடைய திறமையைச் சந்தேகிக்கக் குறிப்பிட்ட காரணம் இருந்தால், சந்தேகம் எழுந்த வேலைக்கான தகுதியை மட்டும் எடுத்துவிட வேண்டும். மற்றவை செல்லும். வெல்டர் தேர்வுக்கான ஐஎஸ்ஓ 9606-1 தரநிலையும் இதையே சொல்கிறது. தகுதி தொடர்கிறது என்று 6 மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பானவர் உறுதிசெய்து கையெழுத்திடவும் கேட்கிறது. ஆர்கான் வெல்டிங்கில் குறை வந்தால், வேறு முறையான மிக் வெல்டிங்கையும் சேர்த்துப் பிடுங்க வேண்டியதில்லை. நம் ஸ்கில் மேட்ரிக்ஸில் ‘வெல்டிங்’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தால் இப்படிப் பிரித்து நிறுத்தவே முடியாது என்பதையும் இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள்.

இனி வழிகளுக்கு வருவோம். வரியை அழிப்பதுதான் இருப்பதிலேயே மோசமானது. அழித்த நிமிடத்திலிருந்து, தானாக ஷிஃப்ட் போடும் ஆட்டோ ஷெட்யூலர் அவரை அந்த வேலைக்குப் போடாது என்பதால் செய்பவருக்கு வேலை முடிந்த நிம்மதி வந்துவிடும். விலை பிறகு தெரியும். எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் முதுகுவலியோடு வந்த ஸ்பாட் வெல்டிங் ஆபரேட்டர் ஒருவருக்கு இப்படித்தான் அந்தத் திறனை அழித்துவிட்டு, அவரை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரு பிராக்கெட்டில் வெல்ட் விட்டுப்போயிருக்கிறது என்று வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. தேதிக் குறியீட்டை வைத்துத் தேடினால், அவர் இன்னும் வெல்டிங்கில் இருந்த நாளின் இரவு ஷிஃப்ட். அன்றைக்கு அந்த இயந்திரத்தில் நின்றவருக்குத் தகுதி இருந்ததா என்பது ஆடிட்டரின் முதல் கேள்வி. சாஃப்ட்வேரில் அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. பயிற்சி பெறாத ஆளை நிற்க வைத்ததுபோலத் திரை காட்டுகிறது. கடைசியில் டோஜோ எனப்படும் பயிற்சி அறையின் பழைய மஞ்சள் ஃபைலில் பயிற்சியாளர் கையெழுத்திட்ட தாள் கிடைத்ததால் தப்பித்தார்கள். ஐஎஸ்ஓ 9001 தரநிலையின் 7.2 பகுதி தகுதிக்கான ஆதாரத்தைப் பதிவாக வைத்திருக்கச் சொல்கிறது. அந்த ஆதாரத்தை நாமே அழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. தவறான ஆளின் பெயரில் தவறாக ஏற்றிய பதிவை மட்டும் அழிக்கலாம்.

முடிவுத் தேதி போடுவது அதைவிடப் பல மடங்கு மேல். ஏறக்குறைய எல்லா சாஃப்ட்வேரிலும் ஒவ்வொரு திறனுக்கும் ‘எந்தத் தேதியிலிருந்து’, ‘எந்தத் தேதிவரை’ என்று இரண்டு கட்டம் இருக்கும். இன்றைய தேதியில் மூடினால் பழைய நாட்களுக்கான பதிவு கெடாது. மேலே சொன்ன ஆடிட்டர் கேள்விக்கும் ஒரே நொடியில் பதில் கிடைக்கும். தனியாக எதையும் வாங்கவோ வடிவமைக்கவோ வேண்டாம்.

ஆனால் இதில் மூன்று ஓட்டைகள் உண்டு. சான்றிதழ் இயல்பாகக் காலாவதியானதும், விபத்துக்குப் பின் நாம் நிறுத்தியதும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் புது ஹெச்ஆர் அதிகாரிக்கு வித்தியாசம் புரியாது. அடுத்து, அவர் திரும்பும்போது புது வரி, புதுத் தொடக்கத் தேதி. பத்து வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் போன மாதம் தேறியவரைப்போலக் காட்சியளிப்பார். அனுபவம் பார்த்து லீடர் பொறுப்பு கொடுக்கும் இடத்தில் இது அவரை நேரடியாகப் பாதிக்கும்.

மூன்றாவது ஓட்டைதான் எனக்கு நிஜமாகவே பயம் தருவது. நிறுத்தும்போதே திரும்பும் தேதியையும் போட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இரண்டு வாரம் என்று ஒரு கணக்கு வைத்து அடுத்த வரியை இப்போதே ஏற்றிவிடுவார்கள். பயிற்சியாளர் விடுப்பில் போயிருப்பார், மறுபயிற்சி நடந்திருக்காது. ஆனால் அந்த ஞாயிறு நள்ளிரவு தாண்டியதும் சாஃப்ட்வேர் அவரைத் தகுதியானவர் என்று திறந்துவிடும். திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் அவர் பெயர் வண்டிக்கு எதிரே வந்து நிற்கும். யாரும் முடிவெடுக்கவில்லை, தேதி முடிவெடுத்துவிட்டது. முடிவுத் தேதி வழியைப் பிடிப்பவர்கள் திரும்பும் தேதியைக் கண்டிப்பாகக் காலியாகவே விட வேண்டும்.

நிலையைக் குறைப்பது சரியாக இருக்கும் ஒரு சூழல் உண்டு. பெரும்பாலான ஆலைகளில் நான்கு நிலை: முதல் நிலை கற்றுக்கொண்டிருப்பவர், இரண்டாவது மேற்பார்வையில் செய்பவர், மூன்றாவது தனியாகச் செய்பவர், நான்காவது பிறருக்குக் கற்றுத் தருபவர். நீண்ட விடுப்புக்குப் பின் வருபவர், மாடல் மாறிய நிலையத்துக்குத் திரும்புபவர் ஆகியோர் சில நாள் பக்கத்தில் ஒருவர் நிற்க வேலை செய்வது நியாயம். அவர்களை மூன்றிலிருந்து இரண்டுக்குக் கொண்டுவருவது உண்மை நிலையைச் சொல்வதுதான். கண் சிகிச்சை முடிந்த வெல்டருக்கு இது பொருந்தாது. மேற்பார்வையிலும் அவர் வெல்டிங் செய்யக்கூடாது, அவருடைய திறமையும் குறையவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஸ்கில் மேட்ரிக்ஸ் லைன் ஓரத்தில் போர்டில் தொங்குகிறது. மூன்றாம் நிலையைக் காட்டும் முக்கால் பாகம் நிரம்பிய வட்டத்தை எல்லோரும் பார்க்க அழித்துப் பாதியாக்குவது ஒருவரின் மனதை மிகவும் புண்படுத்தும். உடல்நலக் காரணத்துக்காக அதைச் செய்வது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

ரோஸ்டரில் மட்டும் தடுப்பது வேகமான வழி. இரவு 2 மணிக்கு வண்டி ராக்கில் இடிக்கிறது என்றால் ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு ஹெச்ஆர் சாஃப்ட்வேரைத் திறக்க அதிகாரமும் இருக்காது, நேரமும் இருக்காது. சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, ஆளை வேறு வேலைக்கு அனுப்பி, அடுத்த இன்சார்ஜுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போடுவார். அந்த ஷிஃப்டுக்கு அது சரி. ஆனால் அந்தத் தடை ஒரு மனிதரின் நினைவில் மட்டும் இருக்கிறது. மூன்றாம் நாள் ஆள் பற்றாக்குறையில் ஓடிக்கு (கூடுதல் நேர வேலைக்கு) கூப்பிடுபவர் சாஃப்ட்வேர் தரும் பட்டியலைத்தான் பார்ப்பார், வாட்ஸ்அப்பைத் தேட மாட்டார். ஆகவே ரோஸ்டர் தடை அந்த ஷிஃப்ட் முடியும்வரை மட்டும் செல்லும், அதற்குள் முறையான பதிவு வந்தாக வேண்டும் என்று விதி வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம், தனி ஸ்டேட்டஸ். இங்கே திறன் வரி அப்படியே நிற்கும். நிலை, தொடக்கத் தேதி, பயிற்சி மணிகள் எதுவும் மாறாது. அதன் மேல் ‘நிறுத்திவைப்பு’ என்ற குறி மட்டும் ஏறும். ஷெட்யூலர் அந்தக் குறியைப் பார்த்து அவரைத் தவிர்க்கும். குறியோடு சில விவரங்கள் கட்டாயம் வேண்டும்: எந்த நாள் எத்தனை மணியிலிருந்து, யார் நிறுத்தினார், என்ன வகைக் காரணம், என்ன நடந்தால் திரும்பத் தரலாம், அதை யார் முடிவு செய்வார், அடுத்து எப்போது பார்ப்பது. கடைசியில் சொன்ன தேதி மறுபரிசீலனைக்கானது. அந்த நாள் வந்தால் பொறுப்பாளருக்கு நினைவூட்டல் போகும். தகுதி தானாகத் திறக்காது. முடிவுத் தேதி வழியின் பெரிய ஓட்டை இங்கே அடைபடுகிறது.

‘என்ன நடந்தால்’ என்பதை வெளிப்படையாக எழுதுவதில்தான் இந்த வழியின் பலம் இருக்கிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு விதிகள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு எப்போது மறுபயிற்சி தர வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன: பாதுகாப்பில்லாமல் ஓட்டுவதைக் கண்டால், விபத்தோ மயிரிழையில் தப்பிய சம்பவமோ நடந்தால், மதிப்பீட்டில் குறை தெரிந்தால், வேறு வகை வண்டிக்கு மாற்றினால், வேலையிடத்தின் நிலைமை மாறினால். 3 வருடத்துக்கு ஒருமுறை ஓட்டிக் காட்டும் மதிப்பீடும் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் இந்தியக் கிளைகளில் வேலை செய்தவர்களுக்கு இது பழக்கமானதாக இருக்கலாம். இந்தக் காரணங்களையே வகைகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் திரும்பும் நிபந்தனையை முன்கூட்டியே எழுதிவிட்டால், ஆளுக்கு ஒரு நியாயம் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. ராக்கை இடித்தவர் மேனேஜருக்கு வேண்டியவரா இல்லையா என்பது கணக்கில் வரக்கூடாது.

காரணம் யார் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதையும் பிரிக்க வேண்டும். லைன் லீடருக்கு ‘இந்த வேலைக்கு இப்போது போடக்கூடாது’ என்பது போதும். கண்ணா, முதுகா, மாத்திரையா என்பது ஆலை மருத்துவருக்கும் ஹெச்ஆருக்கும் உரியது.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. நிறுத்திவிட்டு மறந்துவிடுவது ஒன்று. இரண்டு வாரத்தில் திரும்ப வேண்டியவர் நான்கு மாதம் பேக்கிங்கில் கிடப்பார், கேட்க ஆளிருக்காது. வாரம் ஒருமுறை நிறுத்திவைப்பில் உள்ளவர்களின் பட்டியலை எடுத்து உற்பத்தி, தரம், ஹெச்ஆர் மூன்று தரப்பும் சேர்ந்து பார்த்தால்தான் இது சரியாகும். இன்னொரு குறை, சில சாஃப்ட்வேர்களில் ஷெட்யூலர் மட்டும் குறியைப் பார்க்கும், ஆள்பலக் கணக்கு எடுக்கும் அறிக்கை பார்க்காது. நிறுத்தப்பட்டவரையும் தகுதியானவராக எண்ணி, ஆள் போதும் என்று பச்சை காட்டும்.

அந்தப் பச்சை எவ்வளவு ஏமாற்றும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு நாளும் ஓடும் ஆலை, நாளுக்கு 3 ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு 2 ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் வேண்டும். வாரத்துக்கு 42 ஷிஃப்டுக்கு ஆள் தேவை. தகுதியுள்ளவர்கள் 8 பேர், ஆளுக்கு வாரம் 6 ஷிஃப்ட் என்றால் 48. வசதியாகத்தான் இருக்கிறது. ஒருவரை நிறுத்தினால் 42. தேவையும் இருப்பும் சரிக்குச் சரி, ஒருவருக்குக்கூட சி.எல். கொடுக்க முடியாது. இரண்டாமவரையும் நிறுத்தினால் 36, வாரத்துக்கு 6 ஷிஃப்ட் ஓடியில்தான் ஓட வேண்டும். நிறுத்துவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்ப்பது முடிவை மாற்றுவதற்காக அல்ல. பாதுகாப்புக் காரணம் என்றால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். மறுபயிற்சியை எவ்வளவு அவசரமாக ஏற்பாடு செய்ய வேண்டும், ஸ்டோர்ஸிலிருந்து யாரைக் கற்றுக்கொள்ள அனுப்பலாம் என்பதைச் சொல்வது இந்தக் கணக்குதான். இதைப் பார்க்காமல் நிறுத்தும் இடங்களில், மூன்றாம் நாள் சூப்பர்வைசரே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எந்த வழியில் நிறுத்தினாலும் கைவசம் உள்ள ரோஸ்டரைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். பல சாஃப்ட்வேர்கள் ஷிஃப்ட் போடும் நேரத்தில் மட்டுமே தகுதியைப் பார்க்கின்றன. ஏற்கனவே வெளியிட்ட அடுத்த இரண்டு வார ரோஸ்டரில் அவர் பெயர் அசையாமல் இருக்கும். நிறுத்தியதும், தகுதியில்லாத வேலையில் பெயர் இருப்பதைக் காட்டும் மோதல் அறிக்கையை ஓட்டி, எந்தெந்த ஷிஃப்டில் அவர் அந்த வேலையில் இருக்கிறார் என்று பார்த்து மாற்றினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். ஆள் மாறும் ஒவ்வொரு இடத்திலும் 4எம் (ஆள், இயந்திரம், பொருள், முறை) மாற்றப் பதிவும், முதல் சில பாகங்களுக்குக் கூடுதல் சோதனையும் வரும் என்பது தரப் பிரிவினருக்குத் தெரிந்ததுதான்.

கால் சென்டரில் இதே விஷயம் நிமிடக் கணக்கில் நடக்கும். ஒரு ஏஜெண்டிடமிருந்து ஒரு திறனை எடுத்த அடுத்த அழைப்பே வேறு வரிசைக்குப் போய்விடும். அங்கே பாதுகாப்பு ஆபத்து குறைவு என்பதால் முடிவுத் தேதியே போதுமானது என்பேன்.

சம்பள விஷயம்தான் பலரும் கடைசியில் யோசிப்பது, ஆனால் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது. திறனை நிறுத்திவைப்பது வேறு, ஆளை சஸ்பெண்ட் செய்வது வேறு. விசாரணைக்காக சஸ்பெண்ட் ஆனவருக்கு மத்தியத் தொழிலாளர் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், தாமதம் அவரால் இல்லையென்றால் அதற்குப் பின் முக்கால் என்று பிழைப்பூதியம் உண்டு. திறன் நிறுத்தப்பட்டவர் தினமும் வந்து வேறு வேலை செய்கிறார், அவர் சம்பளம் முழுச் சம்பளம். சிக்கல் ஸ்கில் அலவன்ஸில் வருகிறது. சாஃப்ட்வேரும் பேரோலும் (சம்பளக் கணக்கும்) இணைந்திருக்கும் இடத்தில் வரியை அழித்தாலோ மூடினாலோ நிலையைக் குறைத்தாலோ அந்த மாத அலவன்ஸ் தானாகக் காணாமல் போகலாம். யாரும் அப்படி முடிவெடுத்திருக்க மாட்டார்கள். ஸ்டேட்டஸ் வழியில் வரி உயிரோடு இருப்பதால் அலவன்ஸைத் தொடர்வதா வேண்டாமா என்பது தனி முடிவாக நம் கையில் இருக்கும்.

தொடர வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. உடல்நலக் காரணத்துக்கும் மாடல் மாற்றத்துக்கும் தொழிலாளி பொறுப்பல்ல. விபத்து என்றாலும் விசாரணை முடியும்வரை அவர் மேல் குற்றமில்லை. இதில் இரக்கம் மட்டும் இல்லை. ராக்கை இடித்தால் மாத அலவன்ஸ் போகும் என்று தெரிந்தால் அடுத்தமுறை இடித்தவர் சொல்லவே மாட்டார். நெளிந்த கால் மேல் டன் கணக்கில் பாலெட் நிற்கும், ராக் சரியும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

தனி ஸ்டேட்டஸ் இல்லாத சாஃப்ட்வேரில் என்ன செய்வது? ஒரே திறனை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ‘ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி’ ஒரு வரி, ‘ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட அனுமதி’ இன்னொரு வரி. ஷிஃப்ட் போட இரண்டும் வேண்டும் என்று அமைத்துவிட்டு, அலவன்ஸைப் பயிற்சி வரியோடு இணைத்துவிடுங்கள். நிறுத்தும்போது அனுமதி வரியை மட்டும் முடிவுத் தேதி போட்டு மூடலாம், பயிற்சி வரியை யாரும் தொட வேண்டாம். காரணமும் நிபந்தனையும் குறிப்புக் கட்டத்தில் ஏறட்டும். வண்டியில் கார்டு ரீடர் இருந்தால் அதையும் அனுமதி வரியோடு இணைக்கலாம், சாவி யார் கையில் இருந்தாலும் வண்டி கிளம்பாது. எக்செல் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்: மேட்ரிக்ஸ் ஷீட்டில் நிலை எண்ணைத் தொடாமல், பக்கத்தில் அனுமதிக்கு ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதும்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்று கூடுதலாகச் செய்ய வேண்டும். அவர்களுடைய பதிவு பெரும்பாலும் காண்ட்ராக்டரிடம் இருக்கும். இங்கே நிறுத்திய ஆபரேட்டரை, மறுபயிற்சி இல்லாமலே அடுத்த ஆலையில் வண்டியில் ஏற்றுவது நடக்கக்கூடியது. நிறுத்திய அன்றே காரண வகையையும் திரும்பும் நிபந்தனையையும் எழுத்தில் காண்ட்ராக்டருக்குக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மறுபயிற்சிச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அது எழுதப்படாத இடங்களில் செலவை மிச்சப்படுத்த அந்த ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளைக் கொண்டுவருவார்கள். வேலை இழப்பவர் அந்தத் தொழிலாளிதான்.